சொட்டுவது ஓரிடம், கசிவது ஓரிடம்

வண்டிகள் ஓடும் சாலையைவிட, வண்டிகள் நிற்கும் சாலை கறுத்துக் கிடப்பதை நீங்கள் கவனித்ததுண்டா? சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் அச்சரப்பாக்கம் வழியாகப் பயணம் செய்பவர்கள், அருகிலுள்ள ஆத்தூர் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போது கீழே குனிந்து பார்க்கலாம். சக்கரங்கள் படும் இரண்டு தடங்களுக்கும் நடுவே ஒரு கரிய பட்டை நீளமாகப் படிந்திருக்கும். ரயில்வே கேட்டுகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் இதே காட்சிதான்.

காரணம் எளிது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கசியும் லாரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அது கிலோமீட்டருக்கு ஒரு சொட்டைத்தான் சாலையில் விடும். யார் கண்ணிலும் படாது. ஆனால் அது நிற்கும்போது விழும் சொட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றன. ஆயிரம் வண்டிகள் அதே இடத்தில் நின்றால் கரும்பட்டை உண்டாகாமல் என்ன செய்யும்?

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துச் சொட்டுக்குழாயில் இருந்து விழும் தண்ணீர் ஏறத்தாழ 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர். எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதில் பாதிக்கும் குறைவு. ஆகவே அதன் சொட்டும் சிறியது. 40 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 1440 நிமிடம். அதாவது 36 மில்லிலிட்டர். மாதம் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல்! 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினில் இருப்பதே ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய்தான். ஓயாமல் ஓடும் இறைவை எஞ்சினில் கசிவைக் கவனியாது விட்டால், ஒருநாள் தாங்கிகள் உலர்ந்து எஞ்சின் இறுகிப்போகும். பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நேரமாகவும் அது அமைந்துவிடும்.

சரி, கசிகிறது, அடைத்துவிட்டால் போயிற்று என்பீர்கள். எதை அடைப்பது? இங்கேதான் சிக்கல் இருக்கிறது. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, அது கசியும் இடம் வேறு.

ஓட்டு வீடும் எஞ்சினும்

மழைக்காலத்தில் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டை மாற்றுவார்கள். அடுத்த மழையிலும் அங்கேயே சொட்டும். உடைந்த ஓடு முகட்டின் அருகே இருக்கும். அதன் வழியே நுழைந்த நீர் கைமரத்தைப் பற்றிக்கொண்டு சரிவில் இறங்கி, ஏதாவது ஒரு கணு தடுக்கும் இடத்தில் சொட்டும்.

எஞ்சினிலும் அதே கதைதான். ஆனால் இங்கே எண்ணெயை இழுத்துச் செல்பவர்கள் பலர். முதலாவது, புவியீர்ப்பு, அது எண்ணெயைக் கீழே இறக்குகிறது. இரண்டாவது, காற்று. ஓடும் வண்டியில் காற்று முன்னிருந்து பின்னோக்கி வீசுகிறது. லாரிகளில் எஞ்சினின் விசிறியும் சேர்ந்து ஊதுகிறது. ஆகவே முன்பக்கம் கசிந்த எண்ணெய் பின்பக்கம் சென்று சேருகிறது. மூன்றாவது, நுண்புழைக் கவர்ச்சி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, இரண்டு உலோகத் தகடுகள் சேரும் இடுக்கிலும், மின்கம்பிகளின் கட்டுகளிலும் எண்ணெய் புகுந்து பக்கவாட்டிலும் மேல்நோக்கியும்கூடச் செல்லும்.

இதனால் நேரும் நட்டத்துக்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு லாரியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும். கூலி ஒருபுறம் இருக்க, வண்டி ஓடாத நாட்களின் வருமானமும் போயிற்று. எல்லாம் முடிந்து வண்டியைப் பூட்டினால் மறுவாரம் மீண்டும் சொட்டுகிறது! உண்மையில் கசிந்தது எஞ்சினின் உச்சியில் உள்ள டேப்பட் மூடியின் கேஸ்கட். அதன் பின்மூலையில் கசிந்த எண்ணெய், எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டியது. நான்கு திருகுகளைக் கழற்றி ஒரு ரப்பர் துண்டை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

முதலில் அது என்ன என்று பாருங்கள்

வண்டியின் அடியில் இருக்கும் ஈரமெல்லாம் எஞ்சின் எண்ணெய் அன்று. இரவில் வண்டியை நிறுத்தும்போது அடியில் வெள்ளைத் தாள்களை விரித்து வையுங்கள். காலையில் தாளைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நிறமற்று, வாசனையற்று இருந்தால் குளிர்சாதனத்தின் தண்ணீராக இருக்கலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் நீர்த்து இருந்தால் ரேடியேட்டர் திரவம். கந்தக நெடி அடித்தால் கியர் எண்ணெய். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அது பிரேக் திரவமாக இருக்கக்கூடும். அப்படி ஐயம் எழுந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

டீசல் எஞ்சின் எண்ணெயை அறிய ஓர் அழகிய சோதனை உண்டு. வடிதாளிலோ மையொற்றும் தாளிலோ ஒரு சொட்டை விட்டுச் சில மணி நேரம் காத்திருங்கள். எண்ணெயில் மிதக்கும் புகைக்கரி நடுவே கரும்புள்ளியாகத் தங்கிவிடும். எண்ணெய் அதைச் சுற்றி மங்கிய வளையமாகப் பரவும். எண்ணெயில் டீசல் கலந்திருந்தால் அதற்கும் வெளியே இன்னொரு வளையம் தோன்றும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மையின் நிறங்களைத் தாளில் பிரிக்கிறோமே, அதே தத்துவம்தான்.

எண்ணெய் செல்லும் பாதை

கசிவைத் தேடுபவன் எண்ணெயின் ஊரையும் வழியையும் அறிந்திருக்க வேண்டும். எஞ்சினின் அடியில் உள்ள ‘சம்ப்’ என்ற தொட்டியே அதன் ஊர். அங்கிருந்து ஒரு பம்ப் அதை உறிஞ்சி, வடிகட்டியின் வழியாக, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில கிலோகிராம் அழுத்தத்தில் குழாய்களுக்குள் செலுத்துகிறது. கிராங்க் தண்டின் தாங்கிகள், வால்வுகளை இயக்கும் உறுப்புகள் ஆகியவற்றை அடைந்ததும் அந்த அழுத்தம் தீர்ந்துபோகிறது. பிறகு எண்ணெய் தன் எடையால் மட்டுமே வழிந்து தொட்டிக்குத் திரும்புகிறது.

ஆகவே எஞ்சினில் எண்ணெய்க்கு இரண்டு நிலைகள் உண்டு: அழுத்தத்தோடு ஏறும் நிலை, அழுத்தமின்றி இறங்கும் நிலை. இது தேடலில் பெரிதும் உதவும். எஞ்சின் ஓடும்போது மட்டும் பீறிட்டு, நிறுத்தியதும் நின்றுபோகும் கசிவை வடிகட்டி, அழுத்தக் குழாய், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச் ஆகியவற்றின் அருகே தேட வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் இரவெல்லாம் நிதானமாகச் சொட்டினால், சம்ப்பின் கேஸ்கட்டையும் வடிகால் போல்ட்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

சூடானால் மட்டும் ஏன் கசிகிறது?

“பட்டறையில் நிற்கும்போது ஒன்றுமில்லை, திண்டிவனம் போய்த் திரும்பினால் கசிகிறது” என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. இது வீண் புலம்பல் அன்று, இயற்பியல்.

திரவம் ஓடுவதை அதன் உள்ளிருந்தே தடுக்கும் தன்மையைப் பாகுநிலை என்கிறோம். தேனுக்கு இது அதிகம், நீருக்குக் குறைவு. டீசல் வண்டிகளில் பரவலாகப் பயன்படும் 15 டபிள்யூ–40 வகை எண்ணெயை 40 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் பாகுநிலை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அழுத்தம் மாறாதிருந்தால், அதே துளையில் ஏழு மடங்கு எண்ணெய் வெளியேறும் என்பது இதன் பொருள்.

துளையின் அளவோ இன்னும் கடுமையாக வேலை செய்கிறது. பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர், இரத்தக் குழாய்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய விரும்பி, 1840ஆம் ஆண்டையொட்டி மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு ஆராய்ந்தார். குழாயின் ஆரம் இரட்டித்தால் ஓட்டம் 16 மடங்காகிறது என்று கண்டார். இரு தட்டைப் பரப்புகளுக்கு இடையே உள்ள இடுக்கானால், இடைவெளி இரட்டிக்கும்போது ஓட்டம் 8 மடங்காகும். போல்ட்டுகள் சிறிது தளர்ந்ததும் கசிவு திடீரெனப் பெருகிவிடுவது இதனால்தான். இதிலிருந்து ஒரு பாடம்: குளிர்ந்த எஞ்சினைப் பார்த்துவிட்டுக் கசிவில்லை என்று தீர்ப்புச் சொல்லலாகாது.

துடைத்துவிட்டுத் தேடுங்கள்

எஞ்சின் முழுவதும் எண்ணெயும் புழுதியும் அப்பியிருக்கும்போது கசிவின் மூலத்தைத் தேடுவது, சந்தை கலைந்த பிறகு காலடித் தடம் தேடுவதைப் போன்றது. பழைய தடங்களை அழித்தால்தான் புதிய தடம் தெரியும். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து உலர்த்துங்கள். பெட்ரோலால் கழுவுவது ஆபத்து. ஒரு சிறு பொறி போதும். காற்று நுழையும் வாயிலையும் மின்சார உறுப்புகளையும் மூடிவிட்டுத்தான் நீர் தெளிக்க வேண்டும்.

அடுத்து, ஐயத்துக்குரிய இணைப்புகளின் மேல் முகப்பவுடரையோ சுண்ணக்கட்டிப் பொடியையோ மெல்லியதாகத் தூவுங்கள். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி வந்து நிறுத்துங்கள். இப்போது கீழே பார்க்க வேண்டாம்; மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளைப் பரப்பில் ஈரம்பட்ட இடங்களுள் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். ஏனெனில் வழிந்த எண்ணெய் பெரும்பாலும் கீழேயும் பின்னேயும்தான் சென்றிருக்கும்.

பொடி தூவும் இந்த முறையை எளிதாக எண்ணிவிடாதீர்கள். மீயொலிக் கருவிகள் வருவதற்கு முன்பு, ரயில் சக்கர அச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை இப்படித்தான் கண்டறிந்தார்கள். அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணப்பொடிக் குழம்பைப் பூசுவார்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைப் பூச்சில் கோடு கிழித்துக் காட்டிக் கொடுக்கும்.

கசிவு மிக நுண்ணியதாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. சிறப்புச் சாயம் ஒன்றை எண்ணெயில் சிறிதளவு கலந்து, வண்டியை ஓட்டிய பிறகு, இருட்டில் புற ஊதாக் கதிர் விளக்கை எஞ்சின் மேல் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களைச் சாயம் உட்கொண்டு மஞ்சள்–பச்சை ஒளியாக வெளிவிடும். ஒளிர்தல் எனப்படும் இந்த நிகழ்ச்சியை 1852இல் விளக்கியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். கடைகளில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழ் காட்டிச் சோதிப்பதும் இதே அடிப்படையில்தான்.

எங்கே என்பது பாதி. ஏன் என்பது மீதி

கசியும் இடத்தைக் கண்டுவிட்டோம். புதிய கேஸ்கட் போட்டுவிட்டோம். மூன்றே மாதத்தில் அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடியும் கசிகிறது. ஏன்?

சமையலறைக்குப் போவோம். பிரஷர் குக்கரில் ஆவி வெளியேறும் குழாயைப் பருப்பு நுரை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆவி விளிம்பில் உள்ள கேஸ்கட்டின் வழியே சீறும். அல்லது காப்பு வால்வு தெறிக்கும். கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அடைத்த குழாயைச் சுத்தம் செய்வதுதான் வைத்தியம்.

எஞ்சினுக்கும் இப்படி ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது; ‘ப்ரீதர்’ என்பார்கள். சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது டீசல் எஞ்சினில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராமையும் தாண்டும். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அவற்றின் இடுக்கில் சிறிது வாயு கீழே நழுவிக் கிராங்க் அறைக்குள் வந்துவிடும். அது வெளியேறும் வழியே இந்த மூச்சுக்குழாய். கரியும் புழுதியும் அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். சம்ப்பின் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 50 கிராம் அழுத்தம் கூடினாலும், அந்தத் தட்டின் மேல் ஒரு நெல்மூட்டையை வைத்ததற்குச் சமமாக 50 கிலோகிராம் விசை அழுத்துகிறது! எந்த இணைப்பு மெலிந்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெய் வெளியேறுகிறது. கசிவது கேஸ்கட், குற்றவாளி மூச்சுக்குழாய். மூச்சுக்குழாய் சுத்தமாக இருந்தும் அழுத்தம் ஏறினால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள்.

அச்சரப்பாக்கம் என்ற ஊர்ப்பெயருக்கே இப்படி ஒரு கதை சொல்லப்படுகிறது. திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் ஏறிச் சென்ற தேரின் அச்சு இங்கே இற்றுப்போனதாம். ‘அச்சு இறு பாக்கம்’ என்பதே நாளடைவில் திரிந்தது என்பர். அச்சு ஏன் முறிந்தது? தச்சன் மேல் பழி போடவில்லை தலபுராணம். புறப்படும்முன் விநாயகரை நினைக்க மறந்ததே காரணம் என்கிறது. கதை புராணமாயினும், முறிந்த இடத்தோடு நில்லாமல் முறிந்த காரணத்தையும் கேட்கும் மனம் அதில் இருக்கிறது.

வானில் ஒரு கசிவு

இந்த இரண்டு கேள்விகளும் எவ்வளவு முக்கியமானவை என்பதை 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் உலகம் கண்டது. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்திலிருந்து 469 பேருடன் சிட்னிக்குப் புறப்பட்ட கான்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில், சில நிமிடங்களில் ஓர் எஞ்சின் வெடித்தது. உடைந்த துண்டுகள் இறக்கையைத் துளைத்துக்கொண்டு சென்றன. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் சில விழுந்தன. விமானிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போராடி, விமானத்தைச் சாங்கியிலேயே பத்திரமாக இறக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

வெடித்தது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு கனத்த உலோகத் தட்டு. தட்டில்தான் குறை என்று முடிவு கட்டியிருந்தால் விசாரணை அத்தோடு முடிந்திருக்கும். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர்கள் அடியொற்றிப் பின்னோக்கிச் சென்றார்கள். தட்டு உடைந்தது, எஞ்சினுக்குள் பற்றிய தீயின் விளைவால். தீ பற்றியது, சூடான பகுதியில் எண்ணெய் கசிந்ததால். எண்ணெய் கசிந்தது, தாங்கிக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் ஒரு சிறு குழாயில் வெடிப்பு விட்டதால். குழாய் வெடித்தது ஏன்? தயாரிக்கும்போது அதன் உட்பகுதியைக் குடைந்தவர்கள் மையம் விலகிக் குடைந்துவிட்டார்கள். குழாயின் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிற்று. நாள்தோறும் ஏற்பட்ட அதிர்வில் உலோகம் களைத்து அந்த மெலிந்த பக்கம் வெடித்தது.

இந்த விடை கிடைத்ததன் பயனைப் பாருங்கள். அதே வகை எஞ்சின் பொருத்திய மற்ற விமானங்களிலும் அந்தக் குழாய்களைச் சோதிக்க முடிந்தது. உடைந்த தட்டை மட்டும் மாற்றியிருந்தால், மெலிந்த சுவருள்ள குழாய்கள் இன்னும் எத்தனை எஞ்சின்களில் சத்தமில்லாமல் காத்திருந்திருக்குமோ!

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டு வண்டியிலோ வயல் எஞ்சினிலோ எண்ணெய்க் கசிவைக் கண்டால் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்து, குறைந்திருந்தால் முதலில் நிரப்புங்கள். தேடல் முடியும்வரை எஞ்சின் உலரக்கூடாது. கசிவது எந்தத் திரவம் என்று தாளில் பார்த்து உறுதி செய்யுங்கள். மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவே இல்லை. பின்பு கழுவி, உலர்த்தி, பொடி தூவி, சூடேற்றி, மேலிருந்து தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். மூன்று கேஸ்கட்டுகளை ஒன்றாக மாற்றிவிட்டால் கசிவு நிற்கலாம். எது காரணம் என்பது மட்டும் தெரியாமலே போய்விடும். பட்டறைக்குப் போனால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும்முன், “எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள்” என்று மெக்கானிக்கிடம் பணிவாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். விளக்கைப் பிடித்துக் காட்டுவார்.

வடித்த கழிவெண்ணெயைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. தீர விசாரிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பழைய துணி, ஒரு கைப்பிடி சுண்ணப்பொடி, சிறிது பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.